டோஜோவுக்கு 'ஆன்' போடுவதா, 'ஆர்' போடுவதா?

கேள்வி: நான் கொட்டாஞ்சேனையில் வசிக்கிறேன், கணக்காளராக வேலை செய்கிறேன். இரண்டாம் உலக யுத்தகால ஜப்பானியப் பிரதமர் ஹிடெகி டோஜோவின் வாழ்க்கையை நாவலாக எழுதத் தொடங்கி மூன்று அத்தியாயம் முடித்திருக்கிறேன், இத்துடன் அனுப்புகிறேன். 1942இல் ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டபோது என் அம்மம்மாவுக்கு ஒன்பது வயது, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் பூசையில் இருந்தாராம். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்ததால் வந்த ஆசை இது. டோஜோவே பேசுவதுபோல 'நான்' என்று எழுதுகிறேன். வாசித்த சிநேகிதி, "கொலைகாரனுக்கு வக்காலத்து வாங்குகிறாய்" என்று சொல்லிவிட்டாள். அவனை மனிதனாகக் காட்டுவது பிழையா? எவ்வளவு தூரம் கற்பனை செய்யலாம்?
வாசகி, கொழும்பு 13

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று அத்தியாயங்களையும் இரண்டு தரம் வாசித்தேன், இரண்டாம் தரம் பென்சிலோடு. உங்களுக்கு எழுத வருகிறது. இராணுவப் பள்ளிச் சிறுவன் குளிரில் விரலை ஊதி ஊதிப் பொத்தான் பூட்டும் பக்கம் மனதில் நின்றுவிட்டது. இருபத்தைந்து வருடமாக மற்றவர்களின் பிரதிகளைத் திருத்தியே சோறு தின்கிறவன் நான், சும்மா புகழ மாட்டேன்.

சிநேகிதியின் குற்றச்சாட்டுக்கு வருமுன் ஒரு தகவல் பிழையைச் சொல்ல வேண்டும். அதைத் திருத்தப் போனால் உங்கள் மற்றக் கேள்விகளுக்கும் பாதி விடை கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

முதல் அத்தியாயத்தில் டோஜோ வரைபடத்தை விரித்துக் கொழும்பைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போடுகிறார். அடுத்த காட்சியில் கொச்சிக்கடை வானத்தில் விமானங்கள். படமாக எடுத்தால் கைதட்டல் விழும். ஆனால் டோஜோ தரைப்படைக்காரர். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலை இங்கே வந்தது கடற்படை: அட்மிரல் நகுமோவின் கீழிருந்த ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழும்பிய விமானங்கள். ஜப்பானின் தரைப்படையும் கடற்படையும் ஒரே வளவுக்குள் வேலிச் சண்டை பிடிக்கும் அண்ணன் தம்பி மாதிரி. ஒருவர் வீட்டில் என்ன சமையல் என்பது மற்றவருக்குத் தெரியாது. டோஜோ பிரதமராகவும் தரைப்படை அமைச்சராகவும் இருந்தாலும் கடற்படைக்கு வேறு அமைச்சர், வேறு தளபதிகள். அந்த வருடத் தொடக்கத்தில் இலங்கையைப் பிடித்துவிடலாம் என்று கடற்படைப் பக்கத்திலிருந்து ஒரு யோசனை போனது. அதற்குப் படை தர முடியாது என்று கைவிரித்தது தரைப்படைத் தலைமைதான். இரக்கத்தால் இல்லை. சீனாவிலும் தென்கிழக்காசியாவிலும் பரப்பி வைத்தது போக மிச்ச ஆள் இல்லை.

அப்படியானால் அம்மம்மாவையும் டோஜோவையும் எதால் முடிச்சுப் போடுவது? அரிசியால் போடுங்கள்.

1942 மார்ச் 8ஆம் திகதி ஜப்பானியத் தரைப்படை ரங்கூனுக்குள் நுழைந்தது. அப்போது இந்தத் தீவு தின்ற அரிசியில் பெரும்பங்கு கப்பலில் வந்தது, அதில் பர்மா அரிசி முக்கியமானது. அது நின்றது. அரிசி பங்கீட்டுக்கு வந்தது, கூப்பன் வந்தது, ஊருக்கு ஊர் சங்கக்கடை முளைத்தது, பாணும் கோதுமை மாவும் வீட்டுக்குள் புகுந்தன. இரண்டாம் அத்தியாயத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "அம்மம்மா கடைசிவரை கோதுமை மா ரொட்டியைத் தொட மாட்டார்." ஏன் என்று எழுதவில்லை. அந்த ஒரு வரி, குண்டு விழும் ஆறு பக்கத்தைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது. தோக்கியோவில் ஒரு மேசையில் எடுத்த முடிவு, எட்டிப் பார்க்காத ஒரு நகரத்தில் ஒன்பது வயதுப் பிள்ளையின் தட்டில் வந்து விழுந்திருக்கிறது. வட்டம் போட்ட வரைபடத்தை எடுத்துவிட்டு அந்தத் தட்டை வையுங்கள்.

(உயிர்த்த ஞாயிறுக் குண்டு, அந்தோனியார் கோயில் என்று இரண்டையும் ஒரே வரியில் போட்டால் இன்று கொழும்பில் எவருக்கும் 2019 தாக்குதல்தான் கண்ணுக்குள் வரும். உங்கள் முதல் வாக்கியத்தில் வருடமும் இல்லை, விமானமும் இல்லை. மூன்றாவது பந்தியில்தான் 1942 என்று தெரிகிறது. அதுவரை வாசகர் வேறொரு காலையில் நிற்பார். வேண்டுமென்று செய்ததானால் அது மலிவான வேலை. தெரியாமல் செய்ததானால் இன்றே திருத்துங்கள். உங்கள் அயலில் அந்தக் காலையில் ஆளைப் பறிகொடுத்த வீடுகள் இருக்கும்.)

இனி 'நான்'.

தமிழில் ஓர் ஆளைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதுவதென்றால் அவருக்கு மரியாதை உண்டா இல்லையா என்று முதலில் தீர்மானித்தாக வேண்டும். 'டோஜோ எழுந்தான்' என்றால் தீர்ப்பு எழுதியாயிற்று. 'டோஜோ எழுந்தார்' என்றால் கதிரை போட்டுக் கொடுத்தாயிற்று. ஆங்கிலத்தில் எழுதுகிறவனுக்கு இந்தத் தலையிடி கிடையாது. உங்கள் கடிதத்தையே பாருங்கள்: முதலில் 'டோஜோவே பேசுவதுபோல' என்று நாசூக்காகத் தப்பிவிட்டு, சிநேகிதி திட்டியதைச் சொன்னதும் 'அவனை' என்று இறங்கிவிட்டீர்கள். 'நான் எழுந்தேன்' என்று எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. நீங்கள் தன்மையிடத்தில் போய் நின்றதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்று எனக்குச் சந்தேகம்.

அதற்குக் கொடுக்கும் விலை பெரிது. 'நான்' என்று பேசத் தொடங்கிய எவரும் தன் பக்க நியாயத்தைத்தான் சொல்வார், அது மனித இயல்பு. அதைக்கூடச் சமாளிக்கலாம், பொய் சொல்லும் கதைசொல்லியை வைத்து நல்ல நாவல்கள் வந்திருக்கின்றன. சமாளிக்க முடியாதது வேறு: டோஜோ பார்க்காததை உங்கள் நாவலும் பார்க்க முடியாது. இந்த மனிதரைப் பொறுத்தவரை முக்கியமானவை எல்லாமே அவர் பார்க்காத இடத்தில் நடந்தவை. அரிசியும் அதில் ஒன்று.

ஆகவே படர்க்கைக்கு வாருங்கள். விகுதியை ஆளுக்கொரு வாயில் விடுங்கள். மனைவி கட்சுகோ எங்கள் பாட்டிமார் மாதிரிப் பெயர் சொல்லாமல் 'இவர்' என்று சொல்லட்டும். அதிகாரிகள் முதுகுக்குப் பின்னால் 'கமிசோரி' என்றார்கள், சவரக்கத்தி என்று அர்த்தம், அவ்வளவு கூர்மையாம். அம்மம்மா "குறுக்கால போவான்" என்று சொல்லட்டும், அதை நீங்கள் பிரதியில் 'பாவி' என்று மாற்றி வைத்திருக்கிறீர்கள், ஏன்? கதைசொல்லி பேசும் இடங்களில் எழுவாயை ஆளிடமிருந்து பறித்துவிடுங்கள். 'டோஜோவின் கை கொப்பியை மூடியது.' 'பேனை நின்றது.' 'சப்பாத்து வாசலில் தாமதித்தது.' அஃறிணை முடிவு வந்துவிடும், மரியாதையும் இல்லை, அவமரியாதையும் இல்லை. முழு நாவலையும் இப்படி எழுதினால் மூச்சு முட்டும், கையெழுத்திடும் காட்சிகளில் மட்டும் செய்து பாருங்கள். நானே இந்தப் பதிலில் 'ஆர்' போட்டுக்கொண்டு போவதைக் கவனித்திருப்பீர்கள். பத்திரிகைப் பழக்கம், வேறொன்றுமில்லை.

சிநேகிதி சொன்னதற்கு வருகிறேன். மனிதனாகக் காட்டுவதில் பிழையே இல்லை. டோஜோ மனிதர்தான். ஏழு பிள்ளைகளின் தகப்பன். எதையும் கொப்பியில் குறித்து வைக்கும் பழக்கம். பிரதமராக இருந்தபோது தெருக் குப்பைத் தொட்டிகளைக் கிண்டி, சனம் பங்கீட்டுச் சாமானை வீணாக்குகிறதா என்று பார்ப்பார் என்று பேசப்பட்டவர். இதையெல்லாம் நீங்கள் அழகாக எழுதியிருக்கிறீர்கள். சிநேகிதிக்கு எரிச்சல் வந்தது அதனால் இல்லை. இந்த மனிதர் வைத்த கையெழுத்து எங்கே போய் விழுந்தது என்று உங்கள் மூன்று அத்தியாயமும் ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை, அதனால்.

தமிழில் எழுதுகிற ஒருவருக்கு அந்த இடம் தேடிப் போக வேண்டியதே இல்லை. சயாம் மரண ரயில். தாய்லாந்தின் பான் பொங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயத் வரை 415 கிலோமீற்றர், காட்டையும் மலையையும் வெட்டி ஒரு வருடத்துக்குச் சற்றே கூடிய காலத்தில் போட்ட பாதை. வேலை செய்த நேச நாட்டு யுத்தக் கைதிகள் 60,000க்கு மேல், செத்தவர்கள் 12,000க்கு மேல். அவர்களைவிடக் கூடுதலாக வேலை செய்ததும் செத்ததும் ஆசியக் கூலிகள். அவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து லொறியில் ஏற்றிக் கொண்டுபோன தமிழர்கள் பல்லாயிரம்.

யுத்தம் முடிந்தபின் ஜப்பானியத் தலைவர்களை விசாரித்த தோக்கியோ விசாரணையின் தீர்ப்பில் டோஜோ பற்றிய பகுதியை வாசியுங்கள். கைதிகளை அந்தப் பாதையில் வேலைக்கு விடலாம் என்று ஆலோசனை சொன்னவர் அவர். தங்கவும் தின்னவும் சரியான ஏற்பாடு செய்யவில்லை. நிலைமை மோசம் என்று தகவல் வந்ததும் விசாரிக்க ஓர் அதிகாரியை அனுப்பினார். அதன் பலனாக நடந்தது ஒன்றே ஒன்று: கைதிகளைத் துன்புறுத்தியதற்காக ஒரு கொம்பனித் தளபதி மீது வழக்கு. காட்டில் எதுவும் மாறவில்லை. இன்னொன்றையும் தீர்ப்புக் குறிக்கிறது: வேலை செய்யாத கைதிக்குச் சாப்பாடு இல்லை என்பது அவர் திரும்பத் திரும்பக் கொடுத்த அறிவுறுத்தல். நோயாளிகளும் காயக்காரரும் வேலைக்கு அடித்து விரட்டப்பட்டதற்கு அது பெரிய காரணம் என்று நீதிபதிகள் எழுதியிருக்கிறார்கள்.

ஒரு வரிதான். 'வேலை இல்லையேல் உணவு இல்லை.' குப்பைத் தொட்டியில் மரக்கறித் தோல் தேடுகிற அதே மனம் எழுதிய வரி. சிக்கனக்காரர், ஒழுங்குக்காரர், வீண்செலவு பிடிக்காதவர். நீங்கள் பரிவோடு வரைந்த அந்தக் குணத்தையும் இந்த வரியையும் அடுத்தடுத்த பக்கத்தில் வையுங்கள். அவரைத் திட்டி ஒரு சொல் எழுத வேண்டாம். சிநேகிதி வாயே திறக்க மாட்டாள்.

அடுத்த படி கஷ்டமானது. யுத்தக் கைதிகளுக்கு அதிகாரிகள் இருந்தார்கள், டொக்டர்கள் இருந்தார்கள், ஒளித்து வைத்து நாட்குறிப்பு எழுதியவர்கள் இருந்தார்கள். அந்தப் பாதையோரத்துக் காஞ்சனாபுரியில் அவர்களுக்கு ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவான கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. தோட்டத் தமிழனுக்குப் பெயர்ப் பதிவும் இல்லை, மருந்தும் இல்லை. 1943 மழையில் கொலரா வந்தபோது குடும்பத்தோடு செத்தார்கள். எத்தனை பேர் என்றால் இன்றுவரை மதிப்பீடுதான். டோஜோவின் அறிவுறுத்தலில் 'கைதி' என்ற சொல்லாவது இருந்தது, இவர்கள் அந்தச் சொல்லுக்குள்ளும் வரவில்லை. இந்த வெற்றிடத்தை நிரப்ப நாவலாசிரியர் தேவை. இங்கே கற்பனை செய்யுங்கள், தாராளமாக.

அத்தோடு ஒரு சிக்கலையும் விட்டுவிடாதீர்கள். அதே மலாயாத் தமிழர் வீடுகளில் நேதாஜியின் படமும் தொங்கியது. நேதாஜி 1943 ஜூனில் தோக்கியோவில் டோஜோவைச் சந்தித்தார். ஒக்டோபர் 21ஆம் திகதி சிங்கப்பூரில் சுதந்திர இந்திய அரசைப் பிரகடனம் செய்தார். ஒக்டோபர் 25ஆம் திகதி மரண ரயில் பாதையைத் திறந்து வைத்தார்கள். இடையில் நான்கு நாள். ஒரே தோட்ட லயத்தில் அண்ணன் நேதாஜியின் இந்திய தேசியப் படைக்கும் தம்பி சயாமுக்கும் போயிருக்கலாம். நான் நாவல் எழுதுகிறவனாக இருந்தால் இந்த நான்கு நாளை விட்டு நகர மாட்டேன்.

மூன்றாம் அத்தியாயம், தற்கொலை முயற்சி. 1945 செப்டெம்பர் 11, தோக்கியோவின் செத்தகாயா வீடு, வெளியே கைது செய்ய வந்த அமெரிக்கர்கள். நீங்கள் அதைக் காவியமாக்கியிருக்கிறீர்கள்: சூரியன் சாய்கிறது, செரிப்பூ உதிர்கிறது. செப்டெம்பரில் செரிப்பூ ஏது? உண்மைக் காட்சி இதைவிட வலுவானது. இதயம் எங்கே என்று டொக்டர் ஒருவர் நெஞ்சில் கரியால் குறி வைத்திருந்தார். அந்தக் குறிக்குள்ளேயே சுட்டும் இதயத்தில் படவில்லை. எதிரி கொடுத்த இரத்தத்தில் பிழைத்தார். இதே மனிதர் அமைச்சராக இருந்து 1941 ஜனவரியில் வெளியிட்ட போர்க்களக் கட்டளையில், உயிரோடு பிடிபடும் அவமானத்துக்கு ஆளாகாதே என்று இருக்கிறது. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எத்தனையோ பையன்கள் கைக்குண்டை நெஞ்சில் அணைத்தார்கள். இரண்டு காட்சியையும் சேர்த்து வைத்தால் போதும், பூ உதிர வேண்டியதில்லை.

விசாரணையில் சுவாரசியமான துணுக்குகள் நிறைய உண்டு. 1946 மே 3, முதல் நாளே பின்வரிசையிலிருந்த, அவரோடு சேர்த்துக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவர் எட்டி டோஜோவின் மொட்டைத் தலையில் அறைந்தார். சிறையில் அவருக்குப் பொய்ப்பல் கட்டிய அமெரிக்கப் பல் வைத்தியர் 'பேர்ல் ஹார்பரை மறவாதே' என்று மோர்ஸ் குறியில் அதற்குள் பொறித்தார், பிறகு விஷயம் வெளியே வர அதை அராவி எடுத்தார்கள். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் வந்தால் நகைச்சுவைத் துணுக்காகிவிடும்.

எவ்வளவு கற்பனை செய்யலாம் என்ற கேள்விக்கு என் சொந்தப் பிழையொன்றைச் சொல்கிறேன். பல வருடத்துக்கு முன்னர் ஒரு நாவலைத் திருத்தும்போது, நாயகன் யுத்தகாலக் கொழும்பில் ட்ராம் வண்டியில் பொரளைக்குப் போகிறான் என்று இருந்தது. லண்டன் நாவல் வாசித்துவிட்டு அளக்கிறார் என்று நினைத்து, ட்ராமை வெட்டி பஸ் ஆக்கினேன். புத்தகம் வந்த மாதமே ஒரு முதியவர் கடிதம் போட்டார்: தம்பி, கொழும்பில் ட்ராம் 1899இல் ஓடத் தொடங்கி 1960 வரை ஓடியது, நான் அதில் தொங்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன். எழுத்தாளர் சரி, நான் பிழை. அன்றிலிருந்து எனக்குத் தெரியாததெல்லாம் கற்பனை என்று நினைப்பதை நிறுத்திவிட்டேன்.

டோஜோவின் விஷயத்தில் பொதுவெளிப் பேச்சும் செயலும் பக்கம் பக்கமாகப் பதிவில் இருக்கின்றன, அங்கே கை வைக்காதீர்கள். பதிவு ஓயும் இடத்தைத் தேடுங்கள். ஓர் இடம் காட்டுகிறேன். 1947 டிசெம்பர் 31ஆம் திகதி சாட்சிக் கூண்டில் அவர் சொன்னது, பேரரசரின் விருப்பத்துக்கு மாறாக ஜப்பானியக் குடிமகன் எவனும் நடக்க மாட்டான் என்று. சொன்ன பிறகுதான் அதன் பாரம் எல்லாருக்கும் விளங்கியது: அப்படியானால் யுத்தமும் பேரரசரின் விருப்பமா? 1948 ஜனவரி 6ஆம் திகதி மறுபடி கூண்டில் ஏறி அதைப் பூசி மெழுகினார். இடையில் கிடக்கும் அந்த வாரம், சுகாமோ சிறையில், யார் வந்தார், என்ன சொன்னார், இரவில் படுத்தாரா, எல்லாம் உங்களுடையது. டிசெம்பர் 31 சொன்னதை மட்டும் மாற்றக் கூடாது. 1948 டிசெம்பர் 23இல் தூக்கில் போட்டார்கள். சாம்பலை அமெரிக்க விமானத்திலிருந்து பசிபிக் கடலில் தூவியதற்கான ஆவணம் 2021இல்தான் வெளியே வந்தது. முடிவை எழுதும்போது அதையும் பாருங்கள்.

டோஜோ எந்தத் தமிழ் பேசுவார்? வட்டாரம் ஒட்டாத பேச்சுத் தமிழ் போதும். 'யாம்', 'எமது' வேண்டாம், சரித்திரப் படத்து ராசா மாதிரி இருக்கிறது. கொழும்புத் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் அம்மம்மாவுக்கே இருக்கட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று. இங்கே யுத்தகாலத் தலைவர் ஒருவரைப் பற்றி எவர் எழுதினாலும், வாசகர் தோக்கியோவில் வைத்து வாசிக்க மாட்டார். சரணடைவதைவிடச் சாவு மேல் என்ற கட்டளை, பிள்ளைகளை அனுப்பிய தாய்மார், காணாமற்போனவர் கணக்கு, எல்லாவற்றுக்கும் இங்கே சொந்த நினைவு வைத்திருக்கிறார்கள், இரண்டு மொழியிலும். இடித்துக் காட்டுவதற்காக எழுதினீர்களா என்று கேட்பார்கள். நீங்கள் எந்தச் சாடையும் வைக்க வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். ஆனால் 'தலைவர்', 'வீரச்சாவு', 'தியாகம்' ஆகிய மூன்று சொல்லும் உங்கள் பிரதியில் எத்தனை தரம் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். நான் எண்ணினேன், நாற்பத்தொன்று. ஒவ்வொன்றையும் யார் வாயில் வருகிறது என்று கேட்டுத்தான் விட வேண்டும்.

தேசிய சுவடிகள் கூடத்துக்கு ஒருநாள் லீவு போட்டுவிட்டுப் போங்கள். வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கியவை, ஏப்ரல் 1942 இதழ்களைக் கேட்டுப் பாருங்கள். யுத்தகாலத் தணிக்கையை மனதில் வைத்து வாசியுங்கள்: இருபதுக்கு மேற்பட்ட எதிரி விமானங்களை வீழ்த்தியதாக அன்று அறிவித்தார்கள், உண்மையில் ஜப்பான் கொழும்பில் இழந்தது பத்தைத் தாண்டவில்லை. செய்தியைவிட விளம்பரங்களைப் பாருங்கள், என்ன விற்றது, என்ன விலை என்று. வெளியே வந்தால் ரேஸ்கோர்ஸ் பக்கத்தில்தான். இன்று கடைத்தொகுதி, அன்று குதிரைப் பந்தயத் திடலை ஓடுபாதையாக்கி ஹரிக்கேன் விமானங்களை நிறுத்தியிருந்தார்கள். ஒரு கோப்பி குடித்துவிட்டு அந்தத் திடலின் நீளத்தை நடந்து பாருங்கள்.

அம்மம்மா இன்னும் இருக்கிறாரா என்று கடிதத்தில் இல்லை. இருந்தால் சுவடிக் கூடம் பிறகு, இந்த ஞாயிறே போங்கள். குண்டைப் பற்றிக் கேட்காதீர்கள், அதைச் சொல்லிச் சொல்லி அவருக்கு மனப்பாடமாகியிருக்கும். அன்று பூசை முடிந்ததா, இடையில் விட்டுவிட்டு ஓடினார்களா என்று கேளுங்கள். கூப்பன் வரிசையில் வீட்டில் யார் போய் நின்றது என்று கேளுங்கள். ரொட்டியைப் பற்றிக் கடைசியாகக் கேளுங்கள்.

முதல் அத்தியாயத்தைத் திருத்தியதும் மறுபடி அனுப்புங்கள்.